எட்டு ஐந்துக்கு வெளியே போனவர்கள்

காலை ஆறு ஐம்பதுக்கு மரியகொரெட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று எண்ணை மாற்றுவாள். அந்தக் கட்டுமானத் தளத்தில் அன்றைய முதல் வேலை அதுதான். வாசலுக்கு நேரெதிரே ஒரு பச்சைப் பலகை. மேலே 'விபத்தின்றி' என்று ஒரு வரி, கீழே 'நாட்கள்' என்று ஒரு வரி, நடுவில் மூன்று கொக்கிகள். கொக்கிகளில் தகர எண்கள் தொங்கும். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் ஒரு நாள் கூடிவிடும். மழை பெய்தாலும் கூடும். யாருக்காவது கை போனாலும் கூடும்.

தளம் செண்டாயான் என்ற ஊரிலிருந்து லுக்குட் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. முன்பு அது புக்கிட் நங்கா தோட்டம். கொரெட்டி பிறந்தது அங்கேதான், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஆறாவது லயத்தில். தோட்டத்தை விற்று, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களைச் சாய்த்து, லயங்களை இடித்து, இப்போது இரண்டு மாடி வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. கம்பெனி அவளுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை கொடுத்தது. பலகையும் வருகைப் புத்தகமும் அவள் பொறுப்பு. தம்பி கீத் நிலத்துக்கடியில் குழாய் பதிக்கும் கூட்டத்தில் இருந்தான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இருவருக்கும் வேறு ஆள் இல்லை. லுக்குட்டில் வாடகை வீடு. ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருவார்கள். அவன் ஓட்டுவான், அவள் பின்னால் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கொரெட்டிக்குச் சட்டென்று பேச்சு வராது. பேசுமுன் தொண்டையைச் செருமுவாள். அவள் செருமி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வேறு விஷயத்துக்குப் போய்விடுவார். கையெழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும். அதனால்தான் அந்த வேலை கிடைத்தது.

முந்நூற்றுப் பதினோராம் நாள், பாபுல் மியா என்ற வங்காளதேசத்துத் தொழிலாளியின் இடது கையில் இரண்டு விரல்கள் கம்பி வளைக்கும் இயந்திரத்துக்குள் போயின. அவனை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கொரெட்டி நாற்காலியைத் தேடிப் போனாள். விபத்து நடந்தால் பலகையைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று அவளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நாற்காலியின் பக்கத்தில் ஹேமநாதன் நின்றிருந்தார். இடர் மற்றும் உற்பத்தித்திறன் பிரிவின் மேலாளர். அதட்டாத மனிதர். யாரிடமும் மரியாதையாகவே பேசுவார்.

"மிஸ், அந்த ஆள் எத்தனை மணிக்கு வெளியே போனார்?"

"வெளிய போகல சார். இங்கதான் வேலையில இருந்தாரு. பத்து அஞ்சுக்கு மிஷின்ல..."

"அது சம்பவ நேரம். நான் கேட்பது வெளியேறிய நேரம்." புத்தகத்தைத் திறந்து பாபுலின் பெயருக்கு எதிரே விரலை வைத்தார். "பாருங்கள், இந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. காலிக் கட்டம் எவ்வளவு பெரிய இடர் தெரியுமா? ஒன்பது ஐம்பது என்று போடுங்கள்."

அவள் போட்டாள்.

"இப்போது யோசியுங்கள். ஒன்பது ஐம்பதுக்குத் தளத்தைவிட்டுப் போன ஒருவருக்குப் பத்து ஐந்துக்குத் தளத்தில் விபத்து நடக்க முடியுமா?"

கொரெட்டி தொண்டையைச் செருமினாள்.

"முடியாது. இது தர்க்கம். விபத்தைக் குறைப்பது கஷ்டமான வேலை மிஸ். இயந்திரத்தை மாற்ற வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும், வேலையை நிறுத்த வேண்டும். விபத்தின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நிர்வாகம். அதற்குத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள்."

பிறகு அவருக்கு இன்னொன்று தோன்றியது. வெளியே போன ஆளின் மோட்டார் உள்ளே நிற்பது பொருத்தமாக இல்லை. வாசல் காவலர் தாப்பாவைக் கூப்பிட்டார். தாப்பா நேப்பாளத்துக்காரர்; எதைச் சொன்னாலும் 'ஓகே பாஸ்' என்பார். பாபுலின் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய், சாலைக்கு அந்தப் பக்கம் சாயாமல் விட்டிருந்த ஒரே செம்பனையின் கீழ் நிறுத்தினார்.

நானூறாம் நாளுக்குள் அந்த மரத்தடிக்குப் பெயர் வந்துவிட்டது. 'வெளியே' என்றார்கள். சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரின் மோட்டார் வெளியே போனது. காலில் ஆணி ஏறியவனின் மோட்டார் வெளியே போனது. பொருள்தூக்கியின் கீழ் நின்ற ஒருவன் போனான். அவன் மோட்டாரை எடுத்துப்போக யாரும் வரவில்லை, அதன் இருக்கையில் பறவைகள் எச்சமிட்டன. மதியச் சாப்பாட்டின்போது யாராவது சாலையைத் தாண்டிப் பார்த்து எண்ணுவார்கள். பலகையில் உள்ள எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

அடிபட்ட ஒரு மாதம் கழித்துப் பாபுல் எட்டு விரல்களோடு திரும்பி வந்தான். கம்பி வளைக்க முடியாது என்பதால் கீத்தின் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அவனோடு சேர்த்து அவர்கள் ஆறு பேர்.

நானூற்று ஐம்பத்தைந்தாம் நாள் அந்தக் கூட்டம் பெரிய குழாய்க்கான பள்ளத்தைத் தோண்ட ஆரம்பித்தது. பதினான்கு அடி ஆழம், நேர்ச்சுவராக. மூன்றாம் நாள் மதியம் கீத் சோற்றுப் பொட்டலத்தோடு அவள் மேசைக்கு வந்தான். தலையில் கூடச் சேறு.

"கொரெட்டிக்கா, இப்ப எங்க தோண்டுறோம்னு தெரியுதா?"

"தெரியும்."

"நாத்தம் இன்னும் போகலைலா. அதே நாத்தம்."

தோட்டத்துப் பழைய ரப்பர் ஆலையின் கழிவுநீர்க் குளம் அங்கேதான் இருந்தது. வெள்ளையாக, மேலே தோல் கட்டி நிற்கும். ஆலையை மூடியபோது லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடினார்கள். ஆறாவது லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும்.

"ஓரத்துல வெடிப்பு விட்டிருக்கு" என்றான் கீத். "நேத்து அதுக்குள்ள விரல் போச்சு. இன்னிக்குக் கை போகுது. அடியில தண்ணி கசியுது. முட்டுக் கொடுக்க இரும்புத் தகடு ஒரு லாரி வந்து கெடக்குல்ல, அதைக் கேட்டா, படிவம் வரட்டும்னு சொல்றாரு எங்களை மேய்க்கிற மண்டோர். நீதான கிராணி. ஒரு படிவம் போட்டுத் தாயேன்."

"போடுறேன்."

"பேசணும் அக்கா. செருமிட்டு வந்துடாதே."

அன்று சாயங்காலம் அவள் இடர் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு ஹேமநாதனின் அறைக்குப் போனாள். சுவர் முழுக்க ஒரு கட்ட அட்டவணை. மேலே நிகழ்வாய்ப்பு, பக்கத்தில் விளைவு. இரண்டையும் பெருக்கினால் ஒரு எண் வரும். எண்ணுக்கேற்ப அந்தக் கட்டத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டுவார்கள். அன்றுவரை எல்லாம் பச்சை. புல்தரை மாதிரி இருந்தது.

ஹேமநாதன் படிவத்தைப் படித்து மகிழ்ந்துபோனார். "எவ்வளவு அழகான கையெழுத்து. வாருங்கள், சேர்ந்தே கணக்கிடுவோம். பள்ளம் சரிந்தால் விளைவு என்ன?"

"செத்துடுவாங்க சார்."

"அதற்கு ஐந்து. நான் குறைக்கவே மாட்டேன், மனித உயிர். அதற்கு மேல் எண் இருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். இப்போது நிகழ்வாய்ப்பு. அது நம் பயத்திலிருந்து வருவதில்லை, இந்தத் தளத்தின் கடந்தகால விபத்துகளிலிருந்து வருகிறது. கடந்தகால விபத்துகள் எத்தனை?"

சன்னல் வழியாகப் பலகை தெரிந்தது. அன்று காலை அவளே மாட்டிய எண்.

"பூஜ்யம் சார்."

"பூஜ்யத்தை ஐந்தால் பெருக்கினால்?"

விடைக்குக் காத்திராமல் அவர் ஒரு பச்சைத் தாளை வெட்டி ஒட்டினார்.

"அது முன்னாடி குளம் சார்."

"வரைபடத்தில் இல்லையே."

"நாங்க அங்கதான் பொறந்தோம்."

"அது அனுபவம் மிஸ்" என்றார், வருத்தத்தோடு. "அனுபவத்துக்கு இதில் கட்டம் இல்லை."

பச்சை வாங்கிய பள்ளத்துக்கு முட்டு தேவையில்லை என்று முடிவானது. வந்து கிடந்த இரும்புத் தகடுகளும் முட்டுகளும் வீணாகக் கூடாது. ஐந்நூறாம் நாளன்று தலைமையகத்திலிருந்து, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய முதலாளி வந்து விருது கொடுக்கப்போகிறார். அவர் நிற்க மேடை வேண்டும். தகடுகளை மேடைக்குக் கொண்டுபோனார்கள். ஹேமநாதன் அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். அசையவில்லை.

இதற்கிடையில் தலைமையகத்துத் தணிக்கையாளர் ஒருவர் வருகைப் புத்தகத்தில் பதினொரு இடங்களில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மை தடவியிருப்பதைக் கண்டுபிடித்தார். அடிபட்டவன் கத்திக்கொண்டிருக்கும்போது நேரம் எழுதினால் எண் பிசகுகிறது. ஹேமநாதன் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். பிறகு எல்லோரையும் கூட்டினார்.

"சம்பவம் நடந்த பிறகு ஒருவரை வெளியேற்றுவது பழைய முறை. நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பது போல. இனிமேல் முன்வெளியேற்றம். ஆபத்தான வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டுக்கு உள்ளே வருவார்கள். எட்டு ஐந்துக்கு வெளியே போய்விடுவார்கள். அதன் பிறகு அவர்கள் வேலையைத் தொடங்கலாம். அவர்களுக்கு எதுவும் நேராது. இங்கே இல்லாதவர்களுக்கு என்ன நேர முடியும்?"

அடுத்த நாளிலிருந்து பள்ளத்துக் கூட்டத்தின் ஆறு பெயர்களுக்கும் எதிரே கொரெட்டி எட்டு ஐந்து என்று எழுதினாள். மோட்டார்களைக் காலையிலேயே செம்பனை மரத்தடியில் நிறுத்த வேண்டும். பையும் சாப்பாட்டுப் பொட்டலமும் அங்கேதான். தாப்பா ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பார்: மோட்டார், தலைக்கவசம், பை, பொட்டலம். ஆறு பேருக்கும் கைபேசி கூட அங்கே ஒரு டப்பாவில்.

உற்பத்தித்திறன் அறிக்கையில் ஒரு விந்தை நடந்தது. தோண்டிய மீட்டரை ஆட்கள் வேலை செய்த மணி நேரத்தால் வகுப்பார்கள். மீட்டர் இருந்தது, ஆட்கள் இல்லை. கணினி பூஜ்யத்தால் வகுக்கத் தெரியாமல் ஏதோ ஒரு குறியைக் காட்டியது. தலைமையகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நாட்டிலுள்ள வேறெந்தத் தளத்திலும் இப்படி ஒரு அளவு வந்ததில்லை, எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். ஹேமநாதன் அடக்கமாக, "ஆட்களைச் சரியாக நிர்வகித்தால் போதும்" என்றார்.

கீத்துக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. சேற்றோடு வந்து அவள் மேசையில் சாய்ந்து நிற்பான்.

"அக்கா, நான் இப்ப உள்ளயா வெளியயா?"

"வெளிய."

"அப்ப பீடி வாங்கப் போறேன்."

"போனா வரலைன்னு போடச் சொல்வாரு."

"வெளிய இருக்கிறவன் வெளிய போனா தப்பு. என்ன கணக்குலா இது." பாபுலைப் பார்த்துக் கண்ணடிப்பான். பாபுல் எட்டு விரல்களையும் விரித்துக் காட்டி, மிச்சம் இரண்டும் முன்னாலேயே வெளியே போய்விட்டன என்று மலாயில் சொல்வான். கொரெட்டி சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடுவாள். மூடிய பிறகு கைகளைத் துணியில் துடைப்பாள்.

ஐந்நூறாம் நாளுக்கு முந்திய சாயங்காலம் கனத்த மழை. காலையில் மோட்டாரில் வரும்போது சாலையோர வாய்க்காலெல்லாம் நிரம்பி ஓடியது. செம்பனை மரத்தடியில் இறங்கியதும் கொரெட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு எறங்காதேடா."

"எறங்கலைன்னா வரலைன்னு போடுவே. எறங்குனா போயிட்டான்னு போடுவே. எது நல்லது, நீயே சொல்லு."

"வெளையாடாதே."

"டத்தோ வர்றப்ப வேலை சத்தம் கேக்கணுமாம். ஆள் தெரியக்கூடாதாம். பன்னெண்டு மணிக்கு ஏறிடுவோம், விடு."

அவன் பள்ளத்தின் ஓரத்துக்குப் போய்ச் சிலிப்பரைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டான். அந்தக் கூட்டம் தினமும் செய்வதுதான். வீட்டு வாசலில் விடுவது போல வரிசையாக விட்டுவிட்டு இறங்குவார்கள். ஆறு சோடி ரப்பர் சிலிப்பர். தாப்பாவின் பட்டியலில் சிலிப்பர் இல்லை.

எட்டு ஐந்துக்குக் கொரெட்டி ஆறு பெயர்களுக்கும் நேரம் எழுதினாள். ஐந்தாவது பெயர் கீத்.

பத்து மணிக்கு டத்தோ வந்தார். மேடையில் ஏறினார். பலகையில் ஐந்நூறு தொங்கியது, சுற்றிலும் பூமாலை.

"மனிதர்கள்தான் நம் கம்பெனியின் சொத்து" என்றார். "மற்றத் தளங்களுக்குப் போனால் சொத்துகள் அங்குமிங்கும் திரிகின்றன. மேலே ஏறுகின்றன, கீழே விழுகின்றன. எனக்கு நெஞ்சு படபடக்கும். இன்று வாசலிலிருந்து இந்த மேடைவரை நடந்து வந்தேன். ஒரு தொழிலாளியைக் கூடப் பார்க்கவில்லை. ஆனால் வேலை நடக்கும் சத்தம் கேட்கிறது. என் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே..."

சத்தம் நின்றது.

பிறகு இன்னொரு சத்தம் வந்தது. பெரிதாக இல்லை. ஈர மூட்டையைத் தரையில் போட்டது போல. டத்தோவின் முன்னாலிருந்த கோப்பையில் தண்ணீர் நடுங்கியது. அவர் பேச்சை நிறுத்தியதால், முடித்துவிட்டார் என்று நினைத்து முன்வரிசையில் கைதட்டினார்கள்.

கொரெட்டி ஓடினாள். பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம் இல்லை. சேறு சமமாக, பளபளவென்று கிடந்தது. ஓரங்களிலிருந்து தண்ணீர் ஊறி நடுவில் சேர்ந்துகொண்டிருந்தது. குளம் திரும்பி வந்திருந்தது.

தீயணைப்பு நிலையத்துக்கு அவள்தான் கூப்பிட்டாள். வேறு கூட்டத்து ஆட்கள் மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். ஹேமநாதன் குறுக்கே நின்று, கூட்டம் கூடுவது இடர் என்றார். சிலர் நின்றார்கள். சிலர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

போம்பா என்னும் தீயணைப்புப் படையின் லாரி வந்தது. அதிகாரி மலாய்க்காரர், வயதானவர். இறங்கியதும், "உள்ளே எத்தனை பேர்?" என்று மலாயில் கேட்டார்.

"யாருமில்லை, இறைவன் அருள்" என்றார் ஹேமநாதன். "எங்கள் முறை அப்படி. மிஸ், புத்தகத்தைக் காட்டுங்கள்."

அதிகாரி புத்தகத்தைப் பார்த்தார். அச்சுப் போன்ற எழுத்து. ஆறு பேர் எட்டுக்கு உள்ளே. ஆறு பேர் எட்டு ஐந்துக்கு வெளியே. அவர் முகம் தளர்ந்தது. கை காட்டினார், குழாயைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"ஆறு பேர் உள்ள இருக்காங்க" என்றாள் கொரெட்டி, மலாயில். தொண்டையைச் செருமவில்லை.

"இதை எழுதியது யார்?"

"நான்தான்."

"வெளியே போனார்கள் என்று நீதானே எழுதியிருக்கிறாய்?"

"ஆமா."

"இவருக்குத் தம்பி விஷயத்தில் கொஞ்சம் மனக்குழப்பம்" என்றார் ஹேமநாதன் மெதுவாக. "அவர்களின் மோட்டார்கள் கூட வெளியேதான் நிற்கின்றன. நீங்களே பார்க்கலாம்."

அதிகாரி சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மோட்டார்கள் நின்றன. தலைக்கவசங்கள் தொங்கின. கொரெட்டி அவர் கையைப் பிடித்தாள். அதுவரை அவள் அப்பா, தம்பி தவிர வேறு ஆணின் கையைத் தொட்டதில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய்ச் சேற்றின் ஓரத்தில் நிறுத்தினாள்.

ஆறு சோடி சிலிப்பர். வரிசையாக, முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்தபடி. நீலம், நீலம், பச்சை, கறுப்பு, நீலம், வார் அறுந்து கம்பி கட்டிய சிவப்பு.

"வெளிய போறவன் சிலிப்பரை விட்டுட்டா போவான்?" என்றாள்.

அதிகாரி எண்ணினார். இரண்டாம் முறை எண்ணவில்லை. திரும்பிக் கத்தினார், எல்லோரும் ஓடினார்கள்.

கொரெட்டி புத்தகத்தைத் தொடையில் வைத்து, எட்டு ஐந்துகளுக்குக் கீழே ஒரு புதிய வரி எழுதினாள்: 'உள்ளே ஆறு பேர். மணி 10.52.' அதிகாரியிடம் நீட்டினாள். அவர் சேற்றுக் கையோடு கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டுக்குள் நான்கு பேரை எடுத்தார்கள், மூச்சில்லாமல். ஒன்றே காலுக்குக் கீத் வந்தான். ஒரு கான்கிரீட் குழாயின் வாய்க்குள் தலையை நுழைத்திருந்ததால் மூச்சு இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவளைப் பார்த்து உதட்டை அசைத்தான். அவள் குனிந்தாள்.

"அக்கா, நான் இப்ப உள்ளயா, வெளியயா?"

"வெளிய வந்துட்டேடா" என்றாள். "நெசமாவே."

அவனோடு ஆம்புலன்சில் ஏறினாள். புத்தகம் பைக்குள் இருந்தது. பாபுல் மியாவை நான்கு மணிக்கு எடுத்ததாகப் பிறகு சொன்னார்கள். கம்பி கட்டிய சிவப்புச் சிலிப்பர் அவனுடையது.

எட்டு நாட்கள் சிரம்பான் மருத்துவமனையில் இருந்தாள். அவள் கைபேசியில் ஹேமநாதன் பதினாறு முறை கூப்பிட்டிருந்தார். ஒன்பதாம் நாள் காலை பஸ் ஏறித் தளத்துக்குப் போனாள்.

பலகையில் ஐந்நூற்று ஒன்பது தொங்கியது. மாட்டியவருக்குப் பழக்கமில்லை, ஒன்பது சாய்ந்திருந்தது. மேடை அப்படியே இருந்தது. பள்ளத்தை மண் போட்டு மூடி, பக்கத்திலேயே இன்னொன்று தோண்டிக்கொண்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் சிலிப்பர் எதுவும் இல்லை.

ஹேமநாதன் எழுந்து நின்று வரவேற்றார். கீத்தின் காலைப் பற்றி விசாரித்தார். வெளியே போன ஆறு பேர் அனுமதியில்லாமல் திரும்ப நுழைந்துவிட்டார்கள் என்று அறிக்கை எழுதியாயிற்று, அவள் பெயரில் ஒரு கறையும் வராது என்றார்.

"ஆனால் நாங்கள் பாடம் கற்காமல் இல்லை" என்று சுவரைக் காட்டினார்.

பச்சைக் கட்டங்களின் நடுவே, முதல் முறையாக, ஒரு சிவப்பு. பக்கத்தில் அச்சிட்டிருந்தது: 'பள்ளத்தின் ஓரத்தில் சிலிப்பரை விட்டுச் செல்லுதல்.' நிகழ்வாய்ப்பு ஐந்து. விளைவு ஐந்து.

"தாப்பாவின் பட்டியலில் சேர்த்துவிட்டோம். இனி அப்படி நடக்காது" என்றார். பிறகு கையை நீட்டினார். "புத்தகம் உங்களிடம் இருக்கிறதாமே மிஸ். தலைமையகத்தில் கேட்கிறார்கள். எங்கே அது?"

கொரெட்டியின் பை மடியில் தட்டையாகக் கிடந்தது. பஸ் ஏறுவதற்கு முன், சிரம்பானில் தொழிற்பாதுகாப்பைப் பார்க்கும் அரசாங்க அலுவலகம் திறந்ததும் அவள்தான் முதல் ஆளாக உள்ளே போயிருந்தாள். முகப்பிலிருந்த பெண் புத்தகத்தை வாங்கி, புரட்டி, 'இதில் இருப்பது யார் கையெழுத்து' என்று கேட்டாள். என்னுடையது என்று சொல்லி, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய ரசீதை வாங்கிக்கொண்டாள். ரசீதில் நேரமும் இருந்தது.

"வெளிய போயிருச்சு சார்" என்றாள்.

"வெளியேவா? எப்போது?"

"எட்டு அஞ்சுக்கு."